வேப்பமரத்தில் பாட்டுக்காரன், புளியமரத்தில் டிரம்ஸ்

பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள், நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் நிம்மதியாகப் பேப்பர் படிப்பது பொறுக்காமல், என் தலையில் எதையோ மாட்டிவிட்டாள். இரண்டு காதையும் முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன். "அப்பா, உங்க குடை ஆல்பம். புதுசா மிக்ஸ் பண்ணி உட்டிருக்காங்க, கேளுங்க" என்று சொல்லிவிட்டு, நான் என்ன முகம் காட்டுகிறேன் என்று பார்க்க எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

குடை ஆல்பம் என்பது நாங்கள் வைத்த பெயர். அட்டையில் ஒரே குடைக்குக் கீழே நாலு தாடிக்காரர்கள் ஒண்டிக்கொண்டு நிற்பார்கள். நம்மூரில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்னால் வந்த இங்கிலீஷ் ராக் ஆல்பம் அது. நிஜப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், "அதைவிட இது நல்லாருக்குமே" என்று உங்களில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பீர்கள், அப்புறம் நான் சொல்ல வந்தது போய்விடும்.

மிக்ஸ் என்றால் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. பாடுகிறவன், கிதார், டிரம்ஸ் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டு, யாரை இடது காதில் உட்கார வைப்பது, யாரை வலது காதில் உட்கார வைப்பது, யார் சத்தத்தைக் கூட்டுவது என்று முடிவு செய்வது. கல்யாணப் பந்தியில் சம்பந்தியை எங்கே உட்கார வைப்பது என்கிற கவலைதான். அந்தக் காலத்தில் ஸ்டீரியோ புதுசு என்பதால், பாடுகிறவனை ஒரு கோடியிலும் டிரம்ஸ்காரனை மறு கோடியிலும் உட்கார வைத்துவிட்டார்கள். இப்போது புது மிக்ஸில் எல்லாரையும் நடுவில் கூட்டிவந்துவிட்டார்கள். பாட்டுக்காரன் மூச்சு விடுவது கேட்கிறது. யாரோ நாற்காலியை நகர்த்துவது கேட்கிறது. "எப்படிப்பா?" என்றாள் மகள். "சாம்பாரையும் ரசத்தையும் மோரையும் ஒண்ணா ஊத்திப் பெசைஞ்ச மாதிரி இருக்கு" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

இந்த மாதிரி சமயங்களில் எனக்கு உடனே சண்டைக்கு ஆள் தேவைப்படும். அந்த ஆள் குமரேசன். திருச்செங்கோட்டில் இருக்கிறான்.

நானும் குமரேசனும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேட்டூரில் ஒரே அறையில் இருந்தோம். கெமிக்கல் கம்பெனியில் வேலை. துவைத்துக் காயப்போட்ட சட்டையிலும் பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்கும். இன்றைக்கும் எங்கள் வீட்டுக் குளியலறையைக் கழுவிவிட்டால், அந்த வாசத்தோடு குடை ஆல்பத்தின் முதல் பாட்டு தானாக என் மண்டைக்குள் ஓட ஆரம்பிக்கும். ரொமான்டிக்காக மல்லிகை வாசம், மண் வாசம் என்று நினைவு வருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எங்களிடம் ஒரே ஆல்பத்தின் இரண்டு கேசட் இருந்தன. என்னுடையது சேலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பதிவு செய்தது. அந்தக் கடைக்காரருக்கு எந்தப் பாட்டையும் அப்படியே விட்டுவிட மனசு வராது. ஊதுபத்திப் புகைக்கு நடுவில் உட்கார்ந்து, பட்டன்களைத் திருகி, "வெள்ளக்காரன் பேஸ் கம்மியா வெச்சிருக்கான், நான் ஏத்திட்டேன்" என்பார். பாடுகிறவன் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி எக்கோவும் சேர்த்திருந்தார். இடது வலது என்கிற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது, எல்லாம் ஒன்றாகத்தான் வரும். கடைசியில் கொஞ்சம் டேப் மிச்சம் இருந்ததால், வீணாக்க வேண்டாம் என்று ஒரு காவடிப் பாட்டைப் பாதி வரைக்கும் போட்டிருந்தார். குடை ஆல்பம் அப்படித்தான் முடியும் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்திலும் முருகனுக்கு இவ்வளவு செல்வாக்கா என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

குமரேசனுடையது ஒரிஜினல் கேசட். அவன் பெரியப்பா மகன் போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருந்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போடப் போகாத ஊரே கிடையாது, ஆப்பிரிக்கா வரைக்கும் போகும். அப்படிப் போன இடத்தில் வாங்கி வந்த கேசட். பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மடித்த அட்டை, அட்டையில் குடை. அதை அவன் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவுவான்.

எது சரியான மிக்ஸ் என்பதுதான் சண்டை. ஷிப்ட்டு முடிந்து வந்ததும் ஆரம்பிக்கும். "ஒனக்கெல்லாம் பாட்டுன்னா டீக்கட ரேடியோடா. ஸ்டீரியோன்னா என்னன்னு தெரியுமா?" என்பான். "எனக்குத் தெரிஞ்சு பாடறவனும் அடிக்கறவனும் ஒரே ரூம்ல இருந்தாத்தான் பாட்டு" என்பேன். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் டேப் ரெக்கார்டரில் ஒரு ஸ்பீக்கர்தான் இருந்தது. ஸ்டீரியோவை அவனும் கேட்டதில்லை. கேட்காத ஒன்றுக்காக அவன் அவ்வளவு ஆவேசமாகச் சண்டை போட்டது எனக்கு இப்போது நினைத்தாலும் பிரமிப்பாக இருக்கிறது.

அப்புறம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் மரகதம், சேலத்தை அடுத்த இளம்பிள்ளை ஊர்ப் பக்கம். திருச்செங்கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மண்டபம். மாப்பிள்ளைக்கு வேறு எதைப் பற்றியும் கவலை இல்லை, மைக்செட்டைப் பற்றி மட்டும்தான். உலகம் முழுக்க ஸ்டீரியோவை ஒப்புக்கொள்ள வைக்க இதைவிட நல்ல சமயம் வராது என்று முடிவு கட்டிவிட்டான்.

அங்கெல்லாம் கல்யாணத்துக்கு இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். ஒன்று மண்டபத்து வாசலில், வேப்பமரத்தில். இன்னொன்று ரொம்ப தூரத்தில், மெயின் ரோட்டு முக்கில், புளியமரத்தில். வெளியூர்க்காரர்கள் சத்தத்தை வைத்தே கல்யாண வீடு இந்தப் பக்கம் என்று திரும்பிவிடுவார்கள். இரண்டிலும் ஒரே சத்தம்தான் வரும். மைக்செட்காரர் பொன்னுசாமி அதைத்தான் சொன்னார்.

"ஒரு ஆம்ப்ளிபயரே போதுமுங்க மாப்ள."

"அது மோனோங்க. எனக்கு ஸ்டீரியோ வேணும்."

"அப்படீன்னா?"

"பாட்டு ரெண்டாப் பிரிஞ்சு வரோணும். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

பொன்னுசாமி யோசித்தார். "செரியுங்க. மரத்துக்கு ஒண்ணாப் பிரிச்சு உட்டர்றேன்" என்று இன்னொரு ஆம்ப்ளிபயர் கொண்டுவரப் போனார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், உறவுக்காரர்கள் வந்திறங்கும் நேரம் பார்த்து, குமரேசன் தன் கையாலேயே கேசட்டைப் போட்டான். மண்டபத்து வேப்பமரத்திலிருந்து பாடுகிறவன் குரல் மட்டும் வந்தது. டிரம்ஸ் இல்லை, கிதார் இல்லை. ஒரு ஆள் தனியாக, இடைவெளி விட்டு விட்டு, நெஞ்சு வெடிக்கக் கத்தினான். சமையல்கட்டிலிருந்து ஆட்கள் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார்கள். குமரேசனுடைய அப்பா கொஞ்ச நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்தாளு ஆரையோ கூப்புட்டுட்டே இருக்கானே, போயி என்னன்னுதான் கேளுங்களேன்டா" என்றார்.

மிச்சப் பாட்டெல்லாம் ரோட்டு முக்கில் இருந்தது. அங்கே என்ன நடந்தது என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பெண்ணின் தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வேனில் வந்திருக்கிறார். முக்கில் திரும்பினால், புளியமரத்திலிருந்து டிரம்ஸ் மட்டும் தடதடவென்று கேட்டிருக்கிறது. கூடவே கிதார் ஒப்பாரி வைக்கிறது. பாட்டு இல்லை, நாதஸ்வரம் இல்லை. அவர் வேனை நிறுத்தச் சொல்லிவிட்டார். "மாப்ள ஊட்ல ஏதோ ஆகிப்போச்சு. துக்க ஊட்டுக்குச் சீர் கொண்டுக்கிட்டுப் போறதாங்க? வண்டியத் திருப்பு" என்று சொல்லிவிட்டாராம்.

தாய்மாமன் இல்லாமல் அங்கே கல்யாணம் நடக்காது. அவர் திரும்பிப் போனார் என்ற சேதி மட்டும் பெண்வீட்டார் காதில் விழுந்தால், காரணத்தை யாரும் கேட்க மாட்டார்கள், அவமானம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே மரகதம் அலங்காரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். குமரேசன் முகத்தில் ரத்தம் இல்லை. "போடா, எப்படியாச்சும் அவரக் கூட்டிட்டு வாடா" என்றான். நிறுத்தியிருந்த யாருடைய மொபெட்டையோ எடுத்துக்கொண்டு பறந்தேன். பறந்தேன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், மொபெட்தானே.

மரவள்ளிக்கிழங்குக் காட்டுக்கு நடுவில் போகிறது ரோடு. முதுகுக்குப் பின்னால் பாடுகிறவன் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. முன்னால் டிரம்ஸ் கிட்டே வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முன்னே பின்னே இடித்துக்கொண்டன. பாதி தூரத்தில், ஒரு மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், மொபெட் நின்றுவிட்டது. பெட்ரோல் இல்லை. இறங்கித் தள்ள ஆரம்பித்து நாலு எட்டு வைத்தேன், அப்படியே நின்றுவிட்டேன். குரலும் டிரம்ஸும் கிதாரும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. ஒரு பக்கம் பாட்டுக்காரன், மறுபக்கம் டிரம்ஸ்காரன், நடுவில் நான், சுற்றிலும் மரவள்ளி. ஸ்டீரியோ! அந்தத் தாடிக்காரர்கள் என்ன நினைத்துச் செய்தார்களோ அது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கல்யாணம் நிற்கப்போகிறது என்கிற பயத்தோடு அவ்வளவு ஆனந்தம் ஒருவனுக்கு வரலாமா என்று கேட்காதீர்கள், வந்தது.

அப்போது எதிரிலிருந்து தாய்மாமனே நடந்து வந்தார். வேனைத் திருப்புகையில் பின்சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டதாம், தள்ள ஆள் தேடி வருகிறார். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஏஞ்சாமி, ஆரு தவறுனது?" என்றார்.

"ஆரும் தவறலைங்க. அது பாட்டுங்க."

"பாட்டா? பாடறவன் எங்க?"

"அவன் மண்டபத்துல இருக்கானுங்க. டிரம்ஸ்தான் இங்க வந்திருக்குது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பேசிப் பயனில்லை என்று, அவர் தோளைப் பிடித்து நான் நின்ற இடத்தில் நிறுத்தினேன். "இங்க நின்னு கேளுங்க, அசையாதீங்க." அவர் கையில் துண்டோடு நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். முகம் மெதுவாகத் தெளிந்தது.

"அட, பாட்டுத்தான்!" என்றார். "நல்லாத்தானே இருக்குது? இத எதுக்குச் சாமி பிச்சு ரெண்டு மரத்துல கட்டி வெச்சிருக்கீங்க?"

வேனைத் தூக்கிவிட்டோம். அதே வேனில் மொபெட்டையும் ஏற்றிக்கொண்டு, சீர்த்தட்டுகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து மண்டபத்துக்குப் போனேன். பொன்னுசாமி அதற்குள் கேசட்டை நிறுத்தி சாமி பாட்டுப் போட்டிருந்தார். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.

சண்டை மட்டும் நிற்கவில்லை. குமரேசன் வேலையை விட்டு ரிக் தொழிலுக்குப் போனான், ஊர் ஊராகச் சுற்றினான், நான் சேலத்தோடு தங்கிவிட்டேன். பார்க்கும்போதெல்லாம் அவன் முதல் கேள்வி, "என்றா, இப்பவாச்சும் ஸ்டீரியோதான்னு ஒத்துக்கறயா?" என்பதுதான். மரவள்ளிக் காட்டில் அதை நிஜமாகக் கேட்டவன் நான் ஒருவன்தான். ஒரே நிமிஷத்தில் அவன் கட்சிக்கு மாறியும் விட்டேன். ஆனால் அவனிடம் அதைச் சொல்வதாவது! ரெக்கார்டிங் சென்டர்காரர் கட்சியையே விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். ஒத்துக்கொண்டால் அப்புறம் எதைப் பேசுவது?

இந்தப் புது மிக்ஸ் வந்ததும், சரி, இதற்கு எதிராகவாவது நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சியில் நிற்கலாம் என்று, மகளுடைய ஹெட்போனை வாங்கிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். மரகதம் வாசலிலேயே, "வாங்கண்ணா" என்றார். குமரேசன் தொப்பையும் நரைத்த மீசையுமாக ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தான். ஹெட்போனை மாட்டி, முதலில் பழைய ஸ்டீரியோவைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டான். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான்.

"டிரம்ஸ் எங்கடா?"

"வலது பக்கம்."

ஹெட்போனைத் தட்டினான். "உன்ற மிசினு ஒரு பக்கம் ரிப்பேருடா. வெறும் பாட்டுத்தான் வருது." கழற்றித் திருப்பி மாட்டினான். "இப்பப் பாடறவனக் காணம்."

நான் வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நன்றாக வந்தது. மரகதம் சமையலறை வாசலில் நின்று, தன் வலது காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன். "போயிருச்சுங்கண்ணா. எத்தன வருசம் அந்த ரிக் வண்டிக் கம்ப்ரஸர் பக்கத்துலயே நின்னாரு. டாக்டர் சொல்லிட்டாருங்க. இவருதான் ஒத்துக்கவே மாட்டீங்கறாரு. டிவி ரிப்பேருங்கறாரு, போன் ரிப்பேருங்கறாரு" என்றார்.

திரும்பி வந்து புது மிக்ஸைப் போட்டுக் கொடுத்தேன். எல்லாரையும் நடுவில் கூட்டிவந்திருக்கிறார்களே, அது. அவன் கால் ஆட ஆரம்பித்தது. ஊஞ்சல் பலகையில் விரல் தாளம் போட்டது. பாட்டு முடிகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தான். கழற்றி மடியில் வைத்துவிட்டு, "ரிப்பேரு செரியாயிருச்சுடா. இதுதான் மிக்ஸு. அந்தப் பழைய ஸ்டீரியோ எல்லாம் குப்பைடா" என்றான், சண்டைக்குத் தயாராக மீசையை நீவிக்கொண்டு.

எத்தனை பாயின்ட்டு வைத்திருந்தேன் தெரியுமா? பஸ்ஸில் வரும்போதே வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது.

"ஆமான்டா. புதுசுதான் நல்லாருக்கு" என்றேன்.

அவன் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். "என்றா இது, சண்டைக்கே வர மாட்டீங்கற? ஒடம்பு கிடம்பு செரியில்லையா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"வெயில்தான்டா" என்றேன்.