அப்பா பூட்ஸை எடுத்த காலை

பக்கத்து வீட்டில் யாரோ ஷூவுக்குப் போட்ட கறுப்பு பாலிஷ் வாசம் இன்று மூக்கில் ஏறியதும், எழுபதுகளில் ஆனையூர்க் கண்மாய்க் கரையில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டுக்கே போய்விட்டேன். அங்கே இப்போது மாடி வீடுகள்தான் நிற்கின்றன.

அப்பா பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, எனக்கு ஏழு வயதாகும்போது ஒரேயடியாக ஊர் திரும்பியவர். அதன் பிறகும் விடியுமுன் எழுந்து, போர்வையை மூலை பிசகாமல் மடித்து, எனக்கு எண்ணெய் தடவி, வலிக்காமல் சிக்கெடுத்து, இரட்டைச் சடை பின்னிவிட்ட பிறகே டீயைத் தொடுவார். எங்கள் தெருவில் அப்பன் கையால் சடை பின்னிக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

ஒருநாள் காலையில் அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பட்டாளத்துப் பூட்ஸை எடுத்து பாலிஷ் போட்டார். முன்பெல்லாம் லீவு முடிந்து ரயிலேறும் நாளில்தான் அப்படிச் செய்வார். அவர் குளிக்கப் போனதும் ஒரு பூட்ஸை வைக்கோல் படப்புக்குள் செருகிவிட்டேன்.

"ஏத்தா, இன்னொன்னு எங்க?"

"தரமாட்டேன். திரும்பப் பட்டாளத்துக்குத்தான போறீக?"

"அட கூறுகெட்டவளே, மில்லுல வாட்ச்மேன் வேலை கெடச்சிருக்கு. பொழுது சாய வந்திருவேன்."

"ஒத்தப் பூட்ஸோட போகட்டும், விடுத்தா. மில்லுக்காரன் பாதிச் சம்பளம் குடுப்பான்" என்றாள் அம்மா.

எடுத்துக் கொடுத்தேன், ஆனாலும் நம்பவில்லை. சாயங்காலம் கண்மாய்க் கரையில் அவர் சைக்கிள் வருவதைக் கண்ட பிறகுதான், மத்தியானம் தொடாமல் வைத்திருந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்.