கட்டிக்குள் இருந்த முடி

என் தங்கை அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். சரியான வாயாடி. புடவை எடுக்க வந்தவர்களை வேட்டியும் எடுக்க வைத்துத்தான் அனுப்புவாள். அப்படிப்பட்டவளுக்குத் திடீரென்று தூக்கம் போயிற்று. தானாகச் சிரித்தாள். ஒருநாள் என்னையே பார்த்து, "நீ யாரு? எங்க அக்கா எங்க?" என்றாள்.

"எவளோ செய்வினை வச்சுட்டா" என்றாள் அம்மா. பூலாம்பாடியில் எங்கள் தெருவே அதற்குத் தலையாட்டியது. நான் சண்டை போட்டும் பலனில்லை. தங்கைக்கு வலிப்பு வந்த பிறகுதான் அம்மா இறங்கி வந்தாள். பெரம்பலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு டாக்டரம்மா முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார். வயிற்றையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். "மண்டையில கோளாறுன்னா வயித்துல என்னங்க பாக்குறீங்க?" என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபப்படவில்லை. பார்த்தால், சினைப்பையில் கட்டி. அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் மூளையையும் தாக்குகிறதாம். "கல்யாணம் ஆவாத புள்ளைங்க" என்று அம்மா அழுதாள். "இன்னொரு சினைப்பை நல்லாருக்கும்மா, அதுல கை வைக்க மாட்டோம்" என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

எடுத்த கட்டிக்குள் முடி இருந்தது, ஒரு பல்லும் இருந்தது. இந்த வகைக் கட்டியில் அது சகஜமாம். அம்மா விடுவாளா? "பாத்தியாடி! முடிய வச்சுத்தான் செஞ்சிருக்காளுவ!" வார்டே திரும்பிப் பார்த்தது. என் மானமே போயிற்று. டாக்டரம்மா அம்மாவின் தோளைத் தொட்டு, "எப்படி வந்திருந்தாலும் வெளிய எடுத்தாச்சும்மா. இனிமே மருந்த மட்டும் நிறுத்திடக் கூடாது" என்றார். அம்மா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. அந்த ஒரு பேச்சுக்கே அவரை ஆயுசுக்கும் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் தங்கை உடனே திரும்பி வந்துவிடவில்லை. வாரக்கணக்கில் விழித்தபடி கிடந்தாள். கூப்பிட்டால் பார்க்க மாட்டாள். ஒரு மத்தியானம் அவளுடைய சிக்குப் பிடித்த தலையை வாரிக்கொண்டிருந்தேன்.

"மெதுவாக்கா, வலிக்குதுல்ல."

சீப்பைப் போட்டுவிட்டேன். "நான் யாருடி?"

"லூசா நீ? உன்னையத் தெரியாதா எனக்கு?"

கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

தங்கை தேறியதும் சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தபோது, அர்ச்சனைக்கு அம்மா முதலில் சொன்னது டாக்டரம்மாவின் பெயரை. பூசாரி நட்சத்திரம் கேட்டார்.

"அது தெரியாதுங்க. திருச்சி ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, ஆத்தாளுக்குத் தெரியும்."