சத்தத்துக்காக எடுத்த வண்டி

ஞாயிற்றுக்கிழமை எதையும் வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பார்ப்பதில் பாவமில்லை என்று அப்பா அதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அப்படித்தான் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு, சர்ச்சுக்குப் போட்ட உடுப்பைக்கூட மாற்றாமல், அப்பாவும் அம்மாவும் நானும் லோத்குண்டாவுக்கு மோட்டார் சைக்கிள் பார்க்கப் போனோம்.

ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து, சரிசெய்து விற்கும் ஒருவர் அங்கே இருந்தார். தகரக் கொட்டகை முன்னால் நின்றதெல்லாம் ஆள் மறையும் பெரிய வண்டிகள். பட்டான்செருவில் வேலைக்கு பஸ் மாறி பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்த அப்பாவுக்கு அதில் ஒன்றின்மேல் வெகுநாளாகக் கண். கறுப்பு டாங்க், இரட்டை சிலிண்டர். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தட்டில் சோறு ஆறிப்போகும். ஆனால் பின்னால் உட்காரப் போகிறவள் சரி என்றால்தான் வாங்குவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அம்மா சரி என்பாளா என்பதுதான் அன்றைய கேள்வி.

விற்பவர் அதைக் கிளப்பினார்.

"எம்புட்டு அமைதியா ஓடுது, பாத்தியா?" என்றார் அப்பா.

அம்மா கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். "ஓடுதா? நின்னுபோச்சோன்னுல்லா நெனச்சேன்."

விற்பவர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

அம்மா கடைசியில் நின்ற ஒற்றை சிலிண்டர் வண்டியைக் காட்டினாள். "வோ நக்கோ சாப், பஹுத் ஆவாஜ்" என்று, சத்தம் அதிகம் எனச் சொல்லி விற்பவரே தன் சரக்கை வேண்டாம் என்றார். உதைத்ததும் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதை ஒரு சுற்று ஓட்டி வரும்படி அப்பாவை அனுப்பிவிட்டு, சாலைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றாள். வண்டி வளைவுக்கு அந்தப்புறம் இருக்கும்போதே, "அப்பா வாராங்க" என்றாள். வண்டியைப் பார்க்க வந்து சுவரைப் பார்ப்பது என்ன பழக்கம் என்று எனக்கு மண்டை குடைந்தது.

அப்பா வந்து நிறுத்தியபோதும் அவள் சுவரைப் பார்த்தபடியேதான் நின்றிருந்தாள். அவர் இறங்காமல் அவளையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கறுப்பு டாங்க்கை ஒருமுறை பார்த்தார். "சரி, இதையே எடுப்போம்" என்றார்.

"கைக்குப்பா, ஏன்? அதுதான நல்ல வண்டி?" என்றேன், கறுப்பு டாங்க்கைக் காட்டி.

"பேசாம வா."

மறுநாள் வண்டி வீட்டுக்கு வந்தது. பெட்ரோலைக் குடித்தது. அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள், பாஸ்டர் ஐயா கேலி செய்தார். அப்பா அதை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவர் தெருவுக்குள் நுழையுமுன்பே அம்மா வாசல் கதவைத் திறந்து வைத்திருப்பாள். அப்பாவுக்கு அம்மா என்றால் பயம் என்று பள்ளியில் தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு அப்போதே காது மந்தமாகிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல், பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே அவள் சமாளித்து வந்திருக்கிறாள். எனக்கு இது தெரியப் பல வருடங்கள் ஆயின. அப்பாவுக்கு அந்தக் கொட்டகை முன்னாலேயே தெரிந்துவிட்டிருக்கிறது என்று இப்போது புரிகிறது. தெரிந்துகொண்டதை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட.