சேலை கட்டாத அம்மன்

குற்றாலத்தில் ஒரு கைவினைக் கடையில் ஏற்றுமதிக் காகிதம் தட்டுவது என் வேலையாக இருந்தது. பழைய சிலை நாட்டை விட்டுப் போகக் கூடாது. புதிதாகச் செய்தது என்றால் போகலாம். இந்தச் சந்துதான் எங்கள் கடைக்கு ராஜபாட்டை. வெளிநாட்டில் இறங்கியதும் அதே சிலைக்கு வயது ஏறிவிடும். யாரோ சீமான் வீட்டில் தலைமுறையாக இருந்ததாக இன்னொரு காகிதம் முளைக்கும்.

"நீ புதுசுன்னு போடும்மா, அங்கன உள்ளவன் பழசாக்கிக்கிடுவான்" என்பார் முதலாளி அண்ணாச்சி. நானும் சிரித்துக்கொண்டே போட்டேன்.

ஒரு சாரல் சமயத்தில் முழ உயரத்தில் ஒரு அம்மன் என் மேசைக்கு வந்தது. இடது பாதத்தில் சுண்டுவிரல் இல்லை. செல்போனில் படம் எடுத்தேன். 'வீட்டு அலங்காரப் பொருள், இந்த ஆண்டு செய்தது' என்று அடித்துக் கையெழுத்தும் போட்டேன்.

புரட்டாசிக் கொடைத் திருவிழாவுக்கு ராயகிரி பக்கம் என் கணவர் வீட்டுக் கோயிலுக்குப் போனோம். கொடைக்கு மட்டும் வெளியே எடுக்கும் அம்மனை வருஷம் முழுக்க வைத்திருக்கும் பெட்டியைத் திறந்த பூசாரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சேலை இருந்தது, அம்மன் இல்லை.

போலீஸ் படம் கேட்டது. எல்லார் வீட்டிலும் படம் இருந்தது, எல்லாம் பட்டுச்சேலையும் சந்தனக்காப்பும் மாலையுமாக. திரைக்குள் நீராட்டி, சேலை உடுத்திய பிறகுதான் எங்களுக்குக் காட்டுவார்கள். வெறும் மேனியைப் பார்த்தவர் பூசாரி மட்டும்தான்.

"எடது கால்ல சுண்டுவிரல் கெடையாது சார்" என்றார்.

 கல்யாணமான நாளிலிருந்து வருஷம் தவறாமல் கும்பிட்டவளை அடையாளம் தெரியாமல் நானே பெட்டி கட்டி அனுப்பியிருக்கிறேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வேலை போகும், ஜெயிலும் வரலாம் என்று தெரிந்தேதான் நான்காம் நாள் செல்போனோடு ஸ்டேஷனுக்குப் போனேன். என் படத்தைக் காட்டினால் அம்மன் திரும்பிவிடுவாள் என்று நம்பினேன்.

இன்ஸ்பெக்டர் படத்தை வெளிநாட்டில் அதை வாங்கியவர்களுக்கு அனுப்பினார். சில வாரம் கழித்துப் பதில் வந்ததும் என்னையும் பூசாரியையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். 'உங்கள் அம்மன் பழையது. நாங்கள் வாங்கியது இந்த ஆண்டு செய்தது. சான்று இணைப்பில்.' விற்கும்போது பழசு, திருப்பிக் கேட்டால் புதுசு. இணைப்பைத் திறந்து இன்ஸ்பெக்டர் என் பக்கம் திருப்பினார். கீழே என் கையெழுத்து.

அருகில் நின்ற பூசாரி காகிதத்தைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த என் செல்போனில் அம்மன் படம் திறந்திருந்ததைப் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினார்.

"ஒரு சேலையக் கூடச் சுத்தாமலா தாயி அனுப்புன?" என்றார்.