நேட்டிவ் என்றால் எந்த ஊர்

இலங்கையில் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையில் கொஞ்ச நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். தோட்டத்திலேயே பிறந்திருந்தாலும் எங்களில் பலருக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இல்லாத காலம் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆளாளுக்கு 'இந்தியாவுக்கு எழுதிப் போட்டார்கள்'. இந்தியப் பாஸ்போட்டுக்கு விண்ணப்பிப்பதற்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். லயத்து ஃபாரங்கள் எல்லாம் என் கைக்கு வந்தன. கடைசியாக அப்பாவுடையதும் வந்தது.

அதில் 'நேட்டிவ் பிளேஸ்' என்று ஒரு கட்டம். மற்றவர்களுக்கு அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தேன். அப்பாவுடையது என்றதும் கை நின்றுவிட்டது. அவர் பிறந்ததே இந்த லயத்தில்தான்.

பதுளையில் ஒரு முஸ்லிம் கடைக்காரர், சாமான் சுற்ற வைத்திருந்த கட்டிலிருந்து உருவிக் கொடுத்த அட்டையில்லாத அகராதி ஒன்று என்னிடம் இருந்தது. தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில் பிறந்தவன் என்று முதல் அர்த்தம். பிறப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். எதிர்ச்சொல் அந்நியன். அதோடு விட்டார்களா? வெள்ளைக்காரர் அல்லாத உள்ளூர் ஆள் என்று இன்னொன்று, இளக்காரமாகச் சொல்வது என்ற குறிப்போடு. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. தோட்டத்தை எழுதினால் அப்பா இந்த நாட்டுக்காரர், பிறகு எதற்குப் பாஸ்போட்? இந்தியாவை எழுதினால், ஐம்பது வருடம் இங்கேயே கிடந்தவர் இங்கே அந்நியர். எதை எழுதினாலும் பொய் போலவே பட்டது.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்று இந்தியாவில் துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயரைச் சொன்னார் அப்பா. கல்யாணமோ கருமாதியோ, யார் ஊர் கேட்டாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்.

"அங்க நமக்கு யாருப்பா இருக்கா?"

அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கப்பல்ல போய் எறங்குனா எந்த வீட்டுக் கதவத் தட்டுவீங்க?"

"அது கங்காணி ஊரும்மா" என்றார்.

தாத்தாவை இந்தியாவிலிருந்து தோட்டத்து வேலைக்கு ஆள்சேர்த்துக் கூட்டிவந்த பெரிய கங்காணியின் ஊராம் அது. அவர் கூட்டிவந்த அத்தனை பேருக்கும் தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் அவருடைய ஊரையே போட்டுவிட்டார்களாம். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா அறைகள், பன்னிரண்டு குடும்பங்கள். மற்ற பதினொரு குடும்பத்துக்கும் நான் ஒரே ஊரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு மூளை என்று ஒன்று இருந்ததா என்றுகூடச் சந்தேகம் வந்தது.

"அப்ப தாத்தா ஊரு எதுப்பா?"

"எனக்கு ஆறு வயசுல அவரு போயிட்டாரு. கேக்காம விட்டுப்போச்சு." கடையில் உப்பு வாங்க மறந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

"அப்ப போக வேணாம்பா. சிலோன் பிரஜாவுரிமைக்கே எழுதுவோம்."

"அதான் ரெண்டு தடவ எழுதி ரெண்டு தடவயும் தள்ளிட்டாங்களே. செக்ரோல்ல இருக்குறத மாத்தி எழுதுனா இதையும் தள்ளிருவாங்க. எழுதும்மா."

எழுதினேன். என் கையெழுத்து அழகு என்று அம்மா வேறு மெச்சிக்கொண்டாள்.

பாஸ்போட் வருவதற்குள் எனக்கு வெலிமடையில் கல்யாணமாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இருந்ததால் நான் தங்கிவிட்டேன். அப்பாவையும் அம்மாவையும் கப்பலுக்கு ரயிலேற்றிவிடப் போனபோது அம்மா ஓவென்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. தெரியாத ஊரில் யார் இவர்களை வாசலில் ஏற்றுவார்கள்? இரண்டு மாதம் கடிதமே இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கெல்லாம் வாசலில் போய் நின்றேன்.

பிறகு, யாரிடமோ சொல்லி எழுதிய கடிதம் ஒன்று வந்தது. படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்ல சேதியா, கெட்ட சேதியா என்று அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. அப்பா என்னவோ நல்ல சேதியாகத்தான் எழுதச் சொல்லியிருந்தார்.

"நீ பயந்த மாதிரி ஒண்ணுமில்லம்மா. கங்காணியோட பேரன் இருக்காரு. உன் தாத்தா பேரச் சொன்னதும் ரொம்பச் சந்தோஷப்பட்டாரு. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துல ஒரு அறை குடுத்திருக்காரு. என்னையும் அம்மாவையும் நாளையிலருந்து அவரு வயலுக்கு வேலைக்கு வரச் சொல்லிட்டாரு."