ஏழு கிழவரும் அழுகிய கிழங்கும்

ஏழு கிழவர் வாழைத் தோப்பில் ஏழு கிழங்கு கழுவினால், கழுவிய கிழங்கில் அழுகிய கிழங்கு எத்தனை?

இதை நாக்கு பிசகாமல், வாக்கியத்தின் நடுவில் நிற்காமல் பத்து முறை சொன்னால் எனக்கு வேலை. சொல்லாவிட்டால் இல்லை.

செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. தமிழ்நாட்டில் யாருக்காவது போனில் சிக்கல் என்றால், அவர் பேசுவது பெங்களூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கேட்கும். அங்கே தமிழில் பதில் சொல்ல ஆள் எடுத்தார்கள். அதே பெங்களூரில் ஜோகுபாளையத்துப் பெண்ணான நான் பி.காம். முடித்த சூட்டோடு போய் நின்றேன். பயிற்சியாளர் மதுரைக்காரர். முதல் நாளே என்னைப் "பழம்" சொல்லச் சொன்னார். "பளம்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மூணு வாரம் இருக்கு, பார்ப்போம்" என்றார்.

வீட்டில் அவ்வளவு பொறுமை இல்லை. கார்மெண்ட்ஸில் காலர் தைக்கும் அக்கா, தன் சூப்பர்வைசரிடம் என் பெயரைச் சொல்லி வைத்திருந்தாள். பரீட்சை மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை. தேறாவிட்டால் திங்கள்கிழமை நானும் அவளோடு பஸ் ஏற வேண்டும்.

இரண்டாம் வாரத்திலேயே எனக்கு 'ழ' வந்துவிட்டது. நாக்கில் குறையே இல்லை. குறை அந்த வாக்கியத்தில் இருந்தது. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தார்கள். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் 'அழுகிய' என்ற இடத்தில் நின்றுவிடுவேன். அழுகியது என்று தெரிந்த பிறகு அதை எதற்குக் கழுவினார்கள்? எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். எந்த வீட்டிலும் அழுகியதை முதலில் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கழுவுவார்கள். அது போக, ஏழு கிழங்குக்கு ஏழு பேர். தலைக்கு ஒன்று. இதற்கு ஒரு தோப்பு வேறு.

வியாழக்கிழமை சாயங்காலம் இதை அக்காவிடம் கொட்டினேன்.

"சும்னே சொல்லிட்டு வர்றதுக்கு இன்னாடி உனக்கு?" என்றாள். சும்மா என்பதற்கு எங்கள் தெருவில் கன்னடச் 'சும்னே'தான்.

"நியாயமே இல்லையேக்கா. ஏழு பேர் எதுக்கு?"

அவள் புடவையில் ஒட்டியிருந்த நூலைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க லைன்ல ஒரு சட்டைக்கு முப்பது பேரு. ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி காஜா. அந்த மாதிரிதான். ஒருத்தர் மண்ணு உதறுவாரு, ஒருத்தர் கழுவுவாரு, ஒருத்தர் தொடைப்பாரு."

"சரி, அழுகினதை ஏன் கழுவணும்?"

"செக்கிங் கடைசியிலதானே வரும்? கிழிஞ்ச துணியக்கூட முழுசா தைச்சுத்தான் அனுப்புவோம். செக்கிங்காரன் பார்த்துத் தூக்கி வீசுவான். ஏழாவது கெழவன் செக்கிங்."

மூன்று வாரமாகக் கிடைக்காத நிம்மதி எனக்கு அப்போது கிடைத்தது. ஒரே ஒரு சங்கடம் பாக்கி. செக்கிங் முடியும்வரை அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை என்னை ஓர் அறையில் உட்காரவைத்து ஹெட்செட் மாட்டிவிட்டார்கள். போனில் குரல் எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பதற்காக, பயிற்சியாளர் அடுத்த அறையிலிருந்து அழைத்தார். மணி அடித்தது, எடுத்தேன். அவர் எடுத்த எடுப்பில் அந்த வாக்கியத்தைச் சொன்னார். நான் அதைப் பத்து முறை திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் காதில் ஹெட்செட், மறுமுனையில் ஒருவர் கேள்வி கேட்கிறார். மூன்று வாரப் பழக்கம் முந்திக்கொண்டது. வாடிக்கையாளரின் கேள்வியை முதலில் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம்.

"வணக்கம் சார். ஏழு கிழவர் வாழைத் தோப்பில் ஏழு கிழங்கு கழுவினால், கழுவிய கிழங்கில் அழுகிய கிழங்கு எத்தனை. இதுதானே சார் உங்க கேள்வி?"

"ஆமா. மேல சொல்லுங்க."

"செக்கிங் முடிஞ்சிருச்சா சார்?"

"என்ன செக்கிங்?"

விளக்கினேன். ஏழாவது கிழவர்வரை விளக்கினேன்.

"ஏம்மா, நான் என்ன கேட்டேன்?" என்றார்.

வாடிக்கையாளர் கோபப்பட்டால் கேள்வியை மறுபடி உறுதி செய்ய வேண்டும். செய்தேன். "அதைச் சொல்லலைம்மா!" என்றார். மறுபடி செய்தேன். அவர் குரல் ஏற ஏற நான் மேலும் நிதானமாக உறுதி செய்தேன். நடுவில் அவரே, "அப்ப ஆறாவது ஆள் என்னதான் பண்றாரு?" என்று கேட்டுவிட்டார். கூடையில் அடுக்குகிறார் என்றேன். கடைசியில், "தகவல் வந்ததும் சொல்றேன் சார், லைன்லயே இருங்க" என்று ஹோல்டில் போட்டேன்.

பட்டன் அமுங்கிய பிறகுதான் இது பரீட்சை என்பது நினைவுக்கு வந்தது. திங்கள்கிழமை பஸ் கண்முன் வந்து நின்றது.

சிறிது நேரத்தில் கதவு திறந்தது. பயிற்சியாளர் கையிலிருந்த தாளில் கோடு கோடாகக் கிழித்திருந்தது.

"பதினோரு தடவை சொல்லியிருக்கீங்க. ஒண்ணுகூடப் பிசகலை, நடுவுல நிக்கவும் இல்லை," என்றார். போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "கஸ்டமரை இவ்வளவு நேரம் ஹோல்ட்ல விடக்கூடாதும்மா."

சாயங்காலம் வேலை கிடைத்த விஷயத்தைச் சொன்னதும் அக்கா, சூப்பர்வைசரிடம் இனி என்ன சொல்வது என்று முதலில் கவலைப்பட்டாள். பிறகு கேட்டாள்.

"ஆமா, அழுகினது எத்தனைன்னு சொன்னே?"

"சொல்லலைக்கா. லைன்ல இருக்கச் சொல்லியிருக்கேன்."