மூன்று சொடுக்கு

ஐமோ ராஜலாவின் பெயரை நான் முதன்முதலில் கேட்டது, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாள். சுவரில் தொங்கிய துப்பாக்கியைக் காட்டி மாமியார் சொன்னார்: "இதை என் அக்கா மகன் ஐமோவைத் தவிர யாரும் பிரிக்கக் கூடாது. உன் புருஷனும்தான். ரெய்னோ பிரிச்சா திரும்ப மாட்டும்போது ரெண்டு சாமான் மிச்சமா கிடக்கும்."

மிஷிகனின் வடகோடியில் எங்கள் ஃபின்னிஷ் ஜனங்கள் வீட்டுக்கு வீடு வைத்திருந்தது ஒரே மாதிரித் துப்பாக்கிதான். தபாலில் வரவழைத்த மலிவுச் சரக்கு. பின்பக்கம் கைப்பிடி வைத்த போல்ட்; அதைத் தூக்கி இழுத்துத் தள்ளினால் தோட்டா ஏறும். அடையாள எண் கிடையாது. விற்ற கடையின் பெயர் மட்டும் இருக்கும். கைப்பிடியின் வளைவைத் தடவியே எந்த ஆலை, எந்த வருஷம் என்று ஐமோ சொல்லிவிடுவார். ஆண்கள் செத்துப்போன வீடுகளிலிருந்து பெண்கள் விலை கேட்டு அவரிடம் கொண்டுபோவார்கள். பேச்சுக்கு முன்னால் போல்ட்டை உருவிக் குழலைப் பார்ப்பார். செத்தவர்கள் தோட்டாவை உள்ளேயே விட்டுவிட்டுப் போவதுண்டு.

ஐம்பத்தெட்டாம் வருஷம் நவம்பரில் மான் வேட்டை தொடங்கிய அன்று, என் சித்தி மகள் சைமாவின் புருஷன் தௌனோ காட்டுக்குள் போனவர் திரும்பவில்லை. முந்தின நாள்தான் அவர் துப்பாக்கியும் எங்கள் துப்பாக்கியும் ஐமோவிடம் சுத்தமாகி வந்திருந்தன. எங்களுடையதில் ரெய்னோ அன்றே ஒரு மான் சுட்டார்.

வழி தப்பினவர் அடுத்தடுத்து மூன்று முறை சுட வேண்டும். ஊர் பதிலுக்குச் சுடும். பொழுது சாய அத்தனை பேரும் முற்றத்தில் நின்று காது கொடுத்தோம். ஒன்றும் கேட்கவில்லை. நாலு நாள் தேடியும் ஆள் இல்லை. அப்புறம் பேச்சு மாறியது.

"வழி தப்பியிருந்தா வெடிச் சத்தம் கேட்டிருக்குமே. டுலூத் டவுன்ல எவளாவது அவனுக்குக் காப்பி ஊத்திட்டு இருப்பா."

சைமா காதுபடவே சொன்னார்கள். வருஷா வருஷம் தேவாலயத்தில் இறந்தவர்கள் பெயரை வாசிக்கும்போது தௌனோ பெயர் வராது. ஓடிப்போனவன் பெயரை எப்படி வாசிப்பது? அவள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள்.

அதற்குப்பின் ஐமோ எங்கள் துப்பாக்கியைத் தொடவே இல்லை. "நல்லாத்தான் இருக்கு, கொண்டு போ" என்பார். ஒரு நவம்பர் சனிக்கிழமை சௌனா என்னும் நீராவிக் குளியலறையில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர் சட்டென்று கையைத் தூக்கினார்.

"கேட்டுதா?"

"என்ன அண்ணே?" என்றார் ரெய்னோ.

"யாரோ விசையை இழுக்கறாங்க. வெடிக்கல."

"அடுப்புக் கல்லு வெடிக்குதுண்ணே. மூளை வெந்துடப் போகுது, வெளிய வாங்க."

ஐமோ சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் அந்தி நேரத்தில் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சதுப்புப் பக்கமிருந்து எனக்கும் கேட்டது. நாக்கைச் சொடுக்குவது போல உலர்ந்த சத்தம். ஒன்று. நிதானமாக இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. கவ்விகளைப் பொறுக்காமல் உள்ளே வந்து கதவைத் தாழிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

எழுபத்தொன்றில் சாலை போட வந்தவர்கள் சதுப்பில் பீவர் என்ற கொறிவிலங்கு கட்டிய அணையை உடைத்தார்கள். நீர் வடிந்த சேற்றில் ஒற்றை பூட்ஸும் ஒரு துப்பாக்கியும். வெளியூர் ஆள் ஒருவன் அதை ஐமோவிடம் கொண்டுவந்தான். அன்று ரெய்னோவும் அங்கே இருந்தார்.

"என்ன பெறும் பெரியவரே?"

கட்டையின் அடியில் மூன்று பித்தளைத் திருகாணிகள். தௌனோவின் துப்பாக்கி விரிசல் விட்டபோது ஐமோவே போட்டவை. "இது விலைக்கு இல்லப்பா" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பிரித்தார். உள்ளே மூன்று தோட்டா. வெடிக்காமல் வெளியே விழுந்ததை மறுபடி உள்ளே போட்டிருக்கிறார். மூன்றின் பித்தளையிலும் நடுவில், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி தொட்ட லேசான பள்ளம். எறும்பு கடித்த அளவுதான். அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பதின்மூன்று வருஷம் தொடாத துப்பாக்கியின் போல்ட்டை உருவினார். அதில் தௌனோவின் துப்பாக்கிக்குப் பொருந்த அவர் அரத்தால் ராவிய தடயம் இருந்தது. ஐம்பத்தெட்டில் இரண்டையும் சுத்தம் செய்த அன்று, மேசையில் ஒரே துணியில் காய்ந்த இரண்டு போல்ட்டுகளை மாற்றிப் போட்டிருக்கிறார். எங்கள் துப்பாக்கிக்கு அது பொருந்தியது. தௌனோவின் துப்பாக்கியில் ஊசி எட்டவில்லை.

இதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சைமாவின் மேசையில் மூன்று தோட்டாவையும் வரிசையாக வைத்துச் சொல்லி முடித்தார். நானும் கூட இருந்தேன்.

சைமா ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவினாள்.

"அப்போ கூப்பிட்டிருக்காரு."

"ஆமா."

"மூணு தடவை."

"என் கைத்தப்பு, சைமா."

"அது தெரியுது. இதை அப்படியே கோயில்ல எழுந்து நின்னு சொல்லு. காப்பி ஆறுது, குடிச்சுட்டுப் போ."

சொன்னார். அந்த நவம்பரில் தௌனோ பெயரை வாசித்தபோது சைமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐமோவிடம் அதற்குப் பிறகு ஒருவரும் துப்பாக்கி கொண்டுபோகவில்லை. சதுப்பிலிருந்து சத்தம் எனக்கு மறுபடி கேட்கவில்லை. அவருக்கு இன்னும் கேட்கிறதா என்று விசாரிக்க எனக்குத் துணிவில்லை.

ஐமோவுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. ஏரிக்கரை முதியோர் இல்லத்தில், காட்டுப் பக்கம் ஜன்னல் இல்லாத அறையில் இருக்கிறார்.